பிளாஸ்திரி ஒட்டாத முதல் வரிசை

1

இது ஒரு கட்டுரையில் இடம் கிடைக்காமல் போன விஷயங்களின் கதை. அதை மறைத்துவிட்டு, ஏதோ என் கற்பனையில் தானாக முளைத்தது போலத் தொடங்க மனம் வரவில்லை.

தொண்ணூற்றாறில் நான் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கிய வேளாண்மை மாத இதழில் உதவி ஆசிரியர். மின்சார ரயில் போகும்போதெல்லாம் மேஜை மேலிருக்கும் அச்சுத்தாள்கள் ஒரு விரற்கடை நகரும். ஒருநாள் ஆசிரியர் ஏகநாதன் துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். 'தண்ணீர்ப் பஞ்சத்தையும் மாறிவரும் வெயிலையும் திராட்சைத் தோட்டங்கள் எப்படித் தாங்குகின்றன? ஒன்றரைப் பக்கம். படம் உண்டு.'

"திராட்சைன்னா கம்பம்தான், ஆனா அவ்ளோ தூரம் அனுப்ப நம்மால முடியாது. செம்பாக்கத்துல ஒரு நர்ஸம்மா திராட்சைப் பந்தல் வெச்சிருக்காங்களாம். பஸ்ல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருங்க" என்றார்.

போனேன். கட்டுரையும் வந்தது. மூடாக்கு, சொட்டு நீர், கவாத்து என்று மூன்று உபதலைப்புகள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத கட்டுரை. அதற்கு வந்த ஒரே வாசகர் கடிதம், பக்க எண்ணில் இருந்த அச்சுப்பிழையைப் பற்றியது.

நான் கேட்டுவந்ததில் முக்கால்வாசி குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் வாக்கியத்துக்கு அந்த நாளிலிருந்தே நான் பட்ட பாடு:

(அ) எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் செம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்து, எருமைகள்கூட அந்தப் பக்கம்

[ஏரியில் தொடங்கினால் ஏரியே கதாநாயகி ஆகிவிடுகிறது. நிறுத்திவிட்டேன்.]

(ஆ) வேதாகமத்தில் திராட்சைத் தோட்டத்துக்கென்று தனி இடம் உண்டு. தபீதாளின் குடும்பமும்

[இதை அந்த நர்ஸம்மா தபீதாளிடமே படித்துக் காட்டினேன். "சார், நாங்க திராட்சை போட்டதுக்கும் வேதத்துக்கும் சம்பந்தமே இல்ல. இவர் கம்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பழம் சாப்பிட்டார். பைத்தியம் புடிச்சிருச்சு. அவ்வளவுதான்" என்றார். அடித்துவிட்டேன்.]

(இ) தபீதாள் எந்த நோயாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கொடிகளுக்கு மட்டும் எண் போட்டிருந்தாள்.

[இது நிற்கும் போலிருக்கிறது. இங்கிருந்து போகலாம். கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது; அங்கே அவர் 'தபீதாள் அம்மா'தான்.]

3

அறுபது கொடிகள். ஐந்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு.

தபீதாளின் கணவர் வேதசிரோமணி ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எழுபத்தொன்பதில் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொண்டுவந்தார். அந்தக் குச்சிகள்தான் முதல் வரிசை. மற்ற நான்கு வரிசையும் அவற்றிலிருந்து வெட்டி நட்டவை. கல்தூண் நிறுத்தி, கம்பி இழுத்து, பந்தலை ஒற்றை ஆளாகக் கட்டினார்.

அன்றைக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வேளச்சேரி சாலையில் பஸ் பிடித்தால், சேலையூர் தாண்டியதும் ஜன்னலில் ஏரிக்காற்று அடிக்கும். "திராட்சைத் தோட்டம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் பொன்னுசாமி குரல் கொடுப்பார். அப்படி ஒரு நிறுத்தம் எந்தப் பலகையிலும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குரோம்பேட்டை, நங்கநல்லூரிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும். குலைகளைத் தொடாமல் பார்க்கச் சொல்லி வேதசிரோமணி பின்னாலேயே நடப்பார். போகும்போது தானே ஒரு குலை வெட்டிக் கையில் கொடுப்பார்.

[இந்தப் பத்தியை மூன்று முறை சுருக்கினேன். மூன்று முறையும் அது தானாக நீண்டுகொண்டது. அந்த நிறுத்தத்தில் நான் இறங்கியது ஐந்தாறு தடவைதான். இருந்தாலும் இப்போது அந்தச் சாலையில் போகும்போது, அடுக்குமாடிகளுக்கு நடுவே எந்த இடம் என்று கழுத்தைத் திருப்பித் தேடுகிறேன்.]

எண்பத்தாறில் ஐப்பசி மழை ஏமாற்றியது. அடுத்த ஏப்ரலில் தெருவிலிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரித்தன, பிறகு வற்றின. வேதசிரோமணி வீட்டுக் கிணறு மட்டும் ஆழம்; நல்ல தண்ணீர். இருபது வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றபோது தபீதாள் யோசிக்கவே இல்லை. "காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும். வீட்டுக்கு நாலு குடம்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரு ரோல் பிளாஸ்திரியோடு பந்தலுக்குள் போனாள்.

4

ஆஸ்பத்திரியில் ஒரே சமயத்தில் நிறையப் பேர் அடிபட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதைத்தான் செய்தாள். தண்டைக் கிள்ளிப் பார்த்தாள். மண்ணை ஒரு சாண் தோண்டிப் பார்த்தாள். பிழைக்கும் என்று தோன்றிய கொடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். இருபத்துநாலு கொடிகளுக்கு ஒட்டினாள். முதல் வரிசையில் ஒன்றுக்குக்கூட ஒட்டவில்லை. அது மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரின் சூடு பொழுது சாய்ந்த பிறகும் அடங்காது; அடியில் சரளை, ஊற்றிய தண்ணீர் நிற்காது.

வேதசிரோமணி வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தார்.

"இதுங்கதான் மத்ததுக்கெல்லாம் தாய் தபீதா."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா?"

"சுவத்துப் பக்கம் ஒரு கொடிக்கு ஊத்துறதுல அந்தப் பக்கம் மூணு கொடி பிழைக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கடைசிக் கொடியைத் தடவிவிட்டு வீட்டுக்குள் போனார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இருபத்துநாலு கொடிகளிலும் பூ விட்டிருந்த கொத்துகளை எல்லாம் அவளே கிள்ளி எறிந்தாள். அந்தக் கோடையில் பழம் வேண்டாம், உயிர் இருந்தால் போதும். வேர்களின் மேல் மூடாக்காகத் தென்னைமட்டையும் கரும்புச் சோகையும் பரப்பினாள். ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்த பரிதா, தேதி முடிந்து ஒதுக்கிவைத்த சலைன் டியூப்களை ஓர் அட்டைப்பெட்டி நிறைய, அனுமதி வாங்கிக் கொடுத்தாள். காலி எண்ணெய் டின்களைக் கல்தூணில் கட்டி, டின்னுக்கு இரண்டு டியூபை மெழுகு வைத்துப் பொருத்தி, நிமிஷத்துக்கு நூறு சொட்டு என்று தபீதாள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி வைத்தாள். காலையில் நிரப்பினால் மறுநாள் காலைவரை சொட்டும்.

தண்ணீர் வரிசையில் நின்றிருந்த கண்டக்டர் பொன்னுசாமி, அவரும் அதே தெருதான், எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, திராட்சைக்கு ஜொரமா?"

தெருவே சிரித்தது. தபீதாளும் சிரித்தாள். அந்த வருஷக் கோடையில் அவள் சிரித்த கடைசித் தடவை அது என்று எழுத நினைத்து [வேண்டாம், அப்படியெல்லாம் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை].

5

கிணற்றுக்குள் இரும்புப் படிகள் இருந்தன. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எந்தப் படியில், மாலை ஆறு மணிக்கு எந்தப் படியில் என்று தபீதாள் நாள்காட்டித் தாளில் குறித்துவந்தாள். தெரு முழுக்க இறைத்தாலும் மாலைக்குள் ஊற்று ஒரு படி ஏறிவிடும். மே கடைசி வாரத்தில் ஏறுவது நின்றது. பிறகு இறங்கவே தொடங்கியது.

பகலில் யாரோ இறைக்கிறார்கள்.

பக்கத்து வீடு அஞ்சம்மாளுடையது. காலையில் முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுப் போய், தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி இல்லை. அந்தக் கோடையில் தெரு முழுக்கப் பச்சை என்று இருந்தது இரண்டே இடத்தில்: தபீதாளின் இருபத்துநாலு கொடிகள், அஞ்சம்மாள் வீட்டுப் பின்பக்கம் அரைக்கீரைப் பாத்தி.

நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நானும் குறிப்பேட்டில் 'கீரை!!' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, வரிசை முழுதாக நிற்கும்போது தபீதாள் கேட்டுவிட்டாள். தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் தெருவுக்கே பொதுவான தண்ணீர், தெரு முன்னால்தான் கேட்க வேண்டும் என்று பட்டது.

"மத்தியானத்துல கிணத்துல யாரோ இறைக்கிறாங்க. அஞ்சம்மாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கீரை மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

அஞ்சம்மாள் இடுப்பில் நிறைகுடம் இருந்தது.

"இன்னா சொல்ற நர்சம்மா? நான் திருடிகினேன்னு சொல்றியா?"

"திருடினதா சொல்லல..."

"வேற இன்னான்னு சொல்ற? அதையும் சொல்லிடு, எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க."

வேதசிரோமணி கல்தூணுக்குப் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். அஞ்சம்மாள் கிணற்றுச் சுவரருகே திரும்பிப் போய், குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் உள்ளே போய் விழும் சத்தம் நின்ற பிறகுதான் நகர்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கிணற்றுக்கு வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும், ராஜகீழ்ப்பாக்கத்துக் கைப்பம்புக்கு நடந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். பதினோரு நாள்.

6

அந்தப் பதினோரு நாளும் கிணறு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கீரையும் பச்சையாகவே இருந்தது. பஸ்ஸுக்கு நடக்கும்போது தபீதாள் அந்தப் பாத்தியைப் பார்க்காமல் போகப் பழகினாள். ஊசி போடுமுன் அவள் ஒரே இடத்தில் மூன்று தடவை பஞ்சு தேய்த்ததைப் பார்த்து, ஒரு கிழவர் "என்னம்மா, வீட்ல ஏதாச்சுமா?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு மணி வெயிலில் வீட்டுக்கு வந்தாள். ராட்டினத்தின் கிறீச்சொலி வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டது.

வேதசிரோமணி. பிற்பகல் ஷிப்ட்டுக்குப் போகும் முன், பனியன் நனைய, வாளி வாளியாக இறைத்து முதல் வரிசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கொடிக்கு மூன்று வாளி. மோட்டார் போட்டால் சத்தம் கேட்கும் என்று கையால். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தார். வேலையில் சூடு பட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தார். அவளே மருந்து போட்டுவிட்டிருந்தாள்.

அவளைப் பார்த்தார். கையிலிருந்த வாளியை ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அஞ்சம்மாக்காவை நான் கேட்டப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் கொடியைப் பார்த்தார். இலைகள் ஓரம் கருகித் தொங்கின. அத்தனை வாளிக்குப் பிறகும்.

[இந்த இடத்தில் வேதசிரோமணி என்ன சொன்னார் என்பதற்கு முதல் வரைவில் அழகாக ஒரு வசனம் எழுதியிருந்தேன். தாய்க்கொடி, மண், பாசம் எல்லாம் வரும். தபீதாள் அம்மா படித்துவிட்டு, "இவரை ரொம்ப நல்லவரா எழுதிட்டீங்க சார். நல்லவர்தான். ஆனா அன்னைக்கு இல்ல" என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் சந்தேகம் வந்தது. அவரையே கேட்டேன். அப்போது அவர் ரிடையர் ஆகி, திராட்சை வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்குச் சாயந்திரமே சொல்லிடணும்னுதான் நெனச்சேன். சாயந்திரம் வந்துச்சு. சரி, நாளைக்குன்னு நெனச்சேன். அப்படியே பதினோரு நாள் ஓடிப்போச்சு" என்றார். பிறகு கத்தரியைத் திறந்து மூடிப் பார்த்தார். என் வசனத்தை எடுத்துவிட்டேன்.]

7

தபீதாள் உடையைக்கூட மாற்றவில்லை. வெள்ளைச் சேலையோடு இரண்டு குடம் இறைத்து, ஒன்றைக் கையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்து, அஞ்சம்மாள் வீட்டுக்கு நடந்தாள். குடங்களை வாசலில் இறக்கி வைத்தாள்.

"இறைச்சது எங்க வீட்டுக்காரர்க்கா. நான் உங்களைச் சொல்லிட்டேன்."

அஞ்சம்மாள் குடங்களைத் தொடவில்லை. "இங்க வா" என்று பின்பக்கம் கூட்டிப்போனாள். குளிக்கிற கல்லிலிருந்து ஒரு சின்னக் கால்வாய். அதன் ஓரம் கல்வாழை. அங்கே சோப்புத் தண்ணீர் தேங்கி, வடிந்து, கீரைப் பாத்திக்குப் போனது. பக்கத்தில் அரிசி கழுவின தண்ணீருக்கு ஒரு பானை.

"குளிச்ச தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி. இதுக்குக்கூட ஒன் கெணத்துக்கு வரணுமா?"

தபீதாள் அழுதாள். அஞ்சம்மாள் அழவிட்டுக் காத்திருந்தாள்.

"ஊரு முன்னாடிதான சொன்ன? ஊரு முன்னாடி அவரு வந்து சொல்லட்டும். இந்தக் கொடத்த எடுத்துக்கினு போ."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேதசிரோமணி வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். துணி சுற்றிய கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்கும்படி முன்னால் வைத்துக்கொண்டார்.

"மத்தியானத்துல இறைச்சது நான்தான். அஞ்சம்மா இல்ல. அவங்களைச் சொன்னப்போ நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

பிறகு யாரும் சொல்லாமலே ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், முதல் வரிசையைத் தரையோடு அறுக்கத் தொடங்கினார். "வேணாங்க" என்று தபீதாள் ஓடினாள். நிற்கவில்லை. பன்னிரண்டாவது கொடி விழும்வரை தெரு குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது.

குடத்தோடு நின்ற அந்த வரிசையில் அஞ்சம்மாள் இல்லை. யாருக்காகச் சொன்னாரோ அவள் அப்போது மார்க்கெட்டில் கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுசாமிதான் முதல் பஸ்ஸில் போய், டிக்கெட் பையோடு இறங்கி, நடந்ததைச் சொன்னார்.

8

கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் கிணறு முழுக்க வற்றியது. தெருவுக்கு டாங்கர் வந்தது. மூன்று வாரம் கொடிகளுக்குக் குளித்த தண்ணீர்தான். அஞ்சம்மாள் வீட்டில் பார்த்தபடியே தபீதாள் கால்வாய் வெட்டி, கல்வாழை நட்டு, வடியவிட்டாள். இருபத்துநாலில் பத்தொன்பது பிழைத்தன. நவம்பர் மழையில், அறுத்துப்போட்ட முதல் வரிசையின் அடிக்கட்டைகளில் நான்கு துளிர்த்தன. அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அதுவரை வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு எடுத்தவர்கள், அதன் பிறகு ஒன்றுதான் எடுத்தார்கள். "முன்னெல்லாம் ஐப்பசி பொறந்தா கவாத்து. இப்ப மழை எப்ப வருதுன்னு அதுக்கே தெரியல. வானத்தைப் பார்த்துட்டுத்தான் கத்தரி எடுக்கிறேன்" என்றார் வேதசிரோமணி. தொண்ணூற்று மூன்றில் மறுபடி பஞ்சம் வந்தபோது, கொஞ்சத் தண்ணீருக்குப் பழகி வேர் ஆழமாக இறங்கியிருந்த அந்த இருபத்து மூன்று கொடிகளில் ஒன்றுகூடப் போகவில்லை.

கட்டுரையில் இத்தனையும் இருந்தது. 'குளியல் நீரைக் கல்வாழை மூலம் வடித்துப் பயன்படுத்தும் முறையைத் திருமதி தபீதாள் கையாண்டு வெற்றி கண்டுள்ளார்' என்றும் இருந்தது. "அது அஞ்சம்மாக்காகிட்ட கத்துக்கிட்டதுன்னு போடுங்க" என்று தபீதாள் அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். இரண்டு வரி கூடுதலாக இருந்தது. நான்தான் வெட்டினேன்.

9

இதழ் வந்ததும் எடுத்துக்கொண்டு அஞ்சம்மாளைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. பாராட்டு வாங்கத்தான் இருக்கும்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி" என்றார். ஒன்றரைப் பக்கத்தையும் படித்தேன். கீரைக்கு நீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"எம்பேரு எங்க வருது?"

"இடம் இல்லம்மா."

"அம்மாம்பெரிய பொஸ்தவத்துல எம்பேருக்கு எடமில்லியா?"

திருடி என்று சொல்ல மட்டும் இந்தப் பெயருக்கு ஒருநாள் இடம் இருந்தது. நான் அவரிடம் திரும்ப எழுதுகிறேன் என்றேன். கதையாக எழுதுகிறேன், உங்கள் பெயரோடு. அதற்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: வேதசிரோமணி தெரு முன்னால் ஒத்துக்கொண்ட பிறகு, நீங்கள் அந்தக் கிணற்றுக்குத் திரும்பிப் போனீர்களா?

தபீதாள் அம்மாவிடம் இதையே கேட்டபோது, "அதை அவங்கதான் சொல்லணும்" என்று உள்ளே போய்விட்டார்.

அஞ்சம்மாள் நீர் தெளிப்பதை நிறுத்தினார்.

"நான் மன்னிச்சேனா இல்லியான்னு நீ ஊருக்குப் படிச்சுக் காட்டுவியா? ஏற்கெனவே ஒருதபா ஊரு முன்னாடி நின்னாச்சு சார். போதும்."

10

அவரிடம் கேட்காமல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மறுநாள் காலை ஆறு மணிக்கு அஞ்சம்மாள் வரிசையில் வந்து நிற்கிறாள். யாரும் எதுவும் பேசவில்லை.

இன்னொன்றில், நவம்பரில் எல்லாக் கிணறும் நிரம்பிய பிறகு, தண்ணீர் தேவையே இல்லாத ஒரு நாளில், வெறுங்கையோடு வருகிறாள்.

மூன்றாவதில் அவள் வரவே இல்லை. டாங்கர் வரும் நாட்களில் தபீதாளும் அவளும் ஒரே வரிசையில், இரண்டு குடம் தள்ளி

[இதை முடிக்கவில்லை.]

மூன்றுமே படிக்க நன்றாக இருந்தன. அதுதான் சங்கடம். எந்த ஒன்றை அச்சில் ஏற்றினாலும், அவர் சொல்ல மறுத்த ஒன்றை அவருக்காக நான் சொன்னதாகிவிடும்.

ஆகவே எனக்கு இங்கே வேலை முடிந்தது. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சம்மாளைக் கிணற்றடிக்குக் கொண்டுவர விரும்பினால் தாராளமாகக் கொண்டுவரலாம். நானும் சில நாட்களில் மனதுக்குள் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நிறைகுடத்தை ஒருவர் தனியாக இடுப்பில் ஏற்றுவது கஷ்டம், இன்னொரு கை வேண்டும். அந்தக் காலையில் குனிந்து, குடத்தின் அடியில் கைகொடுத்துத் தூக்கிவிட்டது யார் என்பதையும், அஞ்சம்மாள் அதற்கு இடம் கொடுத்தாளா என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.